பாடைச்சுழிக் குதிரையும் ராசபாதையும்

ஒரு காலத்திலே, குதிரைகளெல்லாம் கொம்பு வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று கூடிப் பேசிக்கொண்டிருந்த காலத்திலே, முள்ளிக்கோட்டை முள்ளிக்கோட்டை என்று ஒரு ராச்சியம் இருந்ததாம். ராச்சியம் என்றதும் ரொம்பப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ராசா கிழக்கு வாசலில் நின்று தும்மினால் மேற்கு எல்லைக் காவல்காரன் ‘நூறாயுசு மகராசா’ என்பான். அவ்வளவுதான் அகலம்.

அந்த ராச்சியத்துக்குச் சோலப்ப ராசா என்று ஒரு ராசா. அவருக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், குதிரை ஓடினால் போதும். கோட்டைக்குத் தெற்கே வட்டக்கண்மாய் என்று ஒரு கண்மாய், தோசைக்கல்லை வைத்துக் கோடு இழுத்த மாதிரி வட்டம். சித்திரையிலே ஒன்று, ஆடியிலே ஒன்று, ஐப்பசியிலே ஒன்று என்று வருசத்துக்கு மூணு பந்தயம். ஒவ்வொரு பந்தயத்திலும் ஆறு குதிரை, கண்மாயை மூணு சுற்று. சுற்றுப்பாதை பத்து வண்டி ஒன்றாய்ப் போகிற அகலம். அதிலே தண்ணீரை ஒட்டின உள்பக்கம் கரிசல் மண், வெளிப்பக்கம் செம்மணல். உள்பக்கத்துக்கு ‘ராசபாதை’ என்று பேர். ராசாவின் தாத்தா வைத்த பேர். அதிலே ஓடத்தான் எல்லாக் குதிரைக்காரனும் அடித்துக்கொள்வான். தூரமும் குறைவு, பேரும் பெரிசு, விடுவானா?

அரண்மனை லாயத்துக்குப் புல் அறுத்துப்போடுகிறவள் வெயிலாச்சி. நாற்பது வயசு. ஆள் ஈர்க்குச்சி. காற்று பலமாக அடித்தால் பறந்துவிடாமல் இருக்க இடுப்பிலே ரெண்டு அரிவாள் செருகிக்கொள்வாள். தினமும் விடிந்ததும் வட்டக்கண்மாயைச் சுற்றிப் புல் அறுப்பாள், கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வருவாள். இருபது வருசமாய் அதே நடை. கரையிலே எறும்புப் புற்று எங்கே இருக்கிறது என்று எறும்புக்கு மறந்துபோனாலும் அவளுக்கு மறக்காது.

லாயத்திலே ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. அது பிறந்த அன்றைக்கே தாய்க்குதிரை செத்துப்போனது. வெயிலாச்சிதான் வெள்ளாட்டுப் பாலை மூங்கில் குழாயில் ஊற்றி ஊற்றிப் புகட்டி, சேலைத் தலைப்பாலே வாய் துடைத்து வளர்த்தாள். மண் நிறம். பேர் புழுதி. எப்பேர்ப்பட்ட ஓட்டம் தெரியுமா? ஒருநாள் வெயிலாச்சி சும்மா ‘ஹோய்’ என்று முதுகில் தட்டிவிட்டாள். புழுதி ஒரு சுற்றுச் சுற்றி, அவள் முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் அதன் நிழல் வந்து சேர்ந்தது. ஆமாம், நிழல்தான். என்ன சிரிப்பு? அவள் கண்ணாலே பார்த்தது.

அதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இன்னொரு ஆளும் பார்த்துவிட்டார். அவர்தான் சுழிக்கார நயினப்பர்.

சுழிக்காரர் என்றால், குதிரை உடம்பிலே மயிர் அங்கங்கே சுழித்திருக்கும் இல்லையா, அந்தச் சுழியைப் பார்த்துப் பலன் சொல்லுகிறவர். நெற்றியில் சுழி இருந்தால் ராச்சியம் பெருகும், தொடையில் சுழி இருந்தால் கடன் பெருகும் என்று அடுக்கிக்கொண்டே போவார். ராசாவுக்கு அவர் வாக்குத்தான் வாக்கு. எந்தக் குதிரையில் எந்த ஆள் ஏறுவது, எந்தக் குதிரை எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாம் நயினப்பர் வாயிலிருந்துதான் வரவேண்டும். ‘மகுடம்’ என்ற குதிரைக்கு நெற்றியிலே ராசசுழி இருக்கிறதென்று சொல்லி, நல்ல ஆளையும் நல்ல பாதையையும் எப்போதும் அதற்கே கொடுப்பார். அதுவும் எப்போதும் ஜெயிக்கும். சுழியின் மகிமை என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

புழுதியின் ஓட்டத்தைப் பார்த்தாரோ இல்லையோ, நயினப்பருக்கு வாயிலே எச்சில் ஊறிவிட்டது. இதைக் கொண்டுபோய்ப் பக்கத்து ராச்சியத்துப் பந்தயத்திலே தன் குதிரை என்று ஓட்டினால் எப்படி இருக்கும்! நேரே ராசாவிடம் போனார்.

“மகராசா, ஒரு கெட்ட சேதி. லாயத்திலே புழுதின்னு ஒரு குதிரை நிக்குதே, அதுக்கு முதுகிலே பாடைச்சுழி. பாடை கட்டுற மாதிரியே நாலு மூலையும் சுழிச்சிருக்கு. அது நிக்கிற லாயம் வெளங்காது.”

ராசாவுக்கு வேர்த்துவிட்டது. “ஐயோ, என்ன செய்யலாம்?”

“பரிகாரம் தெரிஞ்சவன் வீட்டுக் கொட்டில்லே கட்டினா தோஷம் கட்டுப்படும் மகராசா.”

“யாருக்குத் தெரியும் பரிகாரம்?”

நயினப்பர் தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப வெட்கப்படுகிறவர் மாதிரி, “அடியேன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்” என்றார்.

புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்த வெயிலாச்சி காதிலே இது விழுந்தது. கட்டைத் தொப்பென்று போட்டாள். இதற்கு முன்னால் இதே மாதிரி மூணு குதிரைகள் அவர் கொட்டிலுக்குப் போயிருந்தன. சவுக்கடி பட்டுப் பட்டு, ஒன்றும் உயிரோடு திரும்பி வரவில்லை. ஓடிப்போய் ராசா முன்னால் விழுந்தாள்.

“சாமி, அது எம் புள்ளை சாமி! எந்தச் சுழி இருந்தா என்ன, அது மாதிரி ஓடுற குதிரை இந்தச் சீமையிலே கிடையாது. ஓடவிட்டுப் பாருங்க!”

நயினப்பர் சிரித்தார். “ஏ புல்லுக்காரி, ஓட்டத்தைச் சுழி தீர்மானிக்குமா, நீ தீர்மானிப்பியா? சுழி இருக்கே, சுழி!”

“ஆமா, சுழி!” என்றார் ராசா.

“ஆமாமா, சுழி!” என்றது சபை.

ஆனால் குதிரை ஓடும் என்ற வார்த்தை ராசாவின் காதுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பந்தயப் பைத்தியம் அல்லவா? “சரி, இந்த வருசத்து மூணு பந்தயத்திலயும் ஓடட்டும். ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சாலும் அது லாயத்தை விட்டு நகராது. மூணுலயும் தோத்தா நயினப்பர் கொட்டிலுக்குப் போகும். அப்புறம் நீ கண்ணைக் கசக்கப்பிடாது.”

சித்திரை வந்தது. பந்தயம் வந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஊரே கரையில் நிற்கிறது. புழுதியின் மேல் ஏற நயினப்பர் ஒரு ஆளைக் கூட்டிவந்தார். யார் தெரியுமா? அரண்மனை உக்கிராணத்துத் தாண்டவராயர். மளிகை அறையைக் காவல் காக்கிற சாக்கிலே பாதியை உள்ளே தள்ளியவர். அவர் உட்கார வந்தால் ஆட்டுக்கல்லே கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுக்குமாம்.

“என்னய்யா இது?” என்று பதறினாள் வெயிலாச்சி.

“தோஷத்தை அமுக்கக் கனமான ஆளுதான் வேணும்” என்றார் நயினப்பர்.

முரசு அடித்தார்கள். ஐந்து குதிரை தடதடதடவென்று பறந்தது. புழுதி எங்கே? புழுதி இன்னும் நாலு காலையும் ஒவ்வொன்றாய்த் தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது. தாண்டவராயர் ஒரு கையால் கடிவாளத்தையும் ஒரு கையால் முறுக்குப் பொட்டலத்தையும் பிடித்துக்கொண்டு, குதிரை எட்டு வைக்கிற ஒவ்வொரு தடவையும் சேணத்தின் மேல் பொத்து பொத்தென்று விழுந்தார். அவர் விழுகிற விழுகையிலே முதுகு மயிரெல்லாம் தேய்ந்துபோனது. மகுடம் மூணு சுற்றும் முடித்து மாலை போட்டுக்கொண்டபோது புழுதி ஒன்றரைச் சுற்றில் இருந்தது. முறுக்கு மட்டும் முடிந்திருந்தது.

“பாத்தீங்களா மகராசா? சுழி இருக்கே, சுழி!”

“ஆமா, சுழி!”

“ஆமாமா, சுழி!”

வெயிலாச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். “சாமி, ஒரு கேள்வி. இன்னிக்கு ஓடினது குதிரையா, உக்கிராணமா? மகுடத்து மேலே அவரை ஏத்தியிருந்தா அது படுத்தே போயிருக்காதா? தூக்கிட்டு ஓடுற கனம் ஒரே மாதிரி இருந்தாத்தானே எது குதிரைன்னு தெரியும்?”

ராசா தாண்டவராயரைப் பார்த்தார். தாண்டவராயர் ஏப்பம் விட்டார். ராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நியாயம்தான். அடுத்த பந்தயத்துக்கு ஆளை நீயே பாத்துக்கோ.”

நயினப்பர் மீசையைத் தடவினார். “ஆள் யாராயிருந்தா என்ன மகராசா, நடக்கிறது நடக்கும்.”

வெயிலாச்சி பனையேறி கொம்பையாவைப் பிடித்தாள். கொம்பையா ஆள் மெலிசு, தொடை மட்டும் இரும்பு. அவன் பிடித்த மரம் ‘விடு கொம்பையா, வலிக்குது’ என்று கெஞ்சுமாம். மூணு மாதம் புழுதியின் மேல் ஏறிப் பழகினான். கடிவாளத்தை இழுக்கவே மாட்டான், முழங்காலாலேயே பேசுவான்.

ஆடி வந்தது. காற்று வந்தது. வெளிப்பக்கத்துச் செம்மணல் பொலபொலவென்று மாவு மாதிரி கிடந்தது, கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். உள்பக்கத்துக் கரிசலோ காய்ந்து களத்துமேடு மாதிரி இறுகிக் கிடந்தது. புழுதிக்கும் ராசபாதையிலேயே இடம் கொடுத்தார் நயினப்பர். அட, இவ்வளவு நல்லவரா என்று கொம்பையாவே ஆச்சரியப்பட்டான்.

முரசு! பறந்தார்கள்! முதல் வளைவிலேயே விசயம் புரிந்துபோனது. புழுதிக்கு முன்னால் ரெண்டு குதிரை, ஜோடி மாடு மாதிரி ஒட்டிக்கொண்டு வழியை அடைத்தன. வெளிப்பக்கத்திலே இன்னொரு குதிரை, தொடையோடு தொடை உரச. உள்பக்கம் தண்ணீர். பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி ஆகிவிட்டது. மகுடம் மட்டும் முன்னாலே ஒய்யாரமாய் ஓடுகிறது.

“ஏலே, வழி விடுங்கலே!” என்று கத்தினான் கொம்பையா.

“வழியா? அது நயினப்பர் வீட்டுல இருக்கு, போய் வாங்கிக்கோ!” என்று முன்னால் போனவன் திரும்பிச் சிரித்தான்.

முதல் சுற்று போனது, சந்து இல்லை. ரெண்டாவது சுற்று போனது, சந்து இல்லை. மூணாவது சுற்றிலே கொம்பையா முழங்காலை அமுக்கிப் புழுதியை நாலு எட்டுப் பின்னாலே வாங்கினான். மூணு குதிரைக்கும் பின்புறமாய்ச் சுற்றி, வெளிப்பக்கம், கடைசிப் பக்கம், மணலுக்குள்ளே இறங்கினான். தூரமோ கூடுதல், மணலோ கணுக்கால் ஆழம். இறங்கினது கொம்பையா, பறந்தது புழுதி! ஒண்ணைத் தாண்டிச்சு, ரெண்டைத் தாண்டிச்சு, மூணைத் தாண்டிச்சு, மகுடத்தின் வாலைப் பிடிச்சுது, வயித்தைப் பிடிச்சுது, கழுத்தைப் பிடிச்சுது. கரையிலே இருந்தவர்களெல்லாம் எழுந்து குதிக்க, வெயிலாச்சி தன் காலாலேயே தரையை உதைத்துக்கொண்டு ‘வா தாயி, வா தாயி’ என்று கத்த, எல்லைக்கல்லும் வந்தது. அரைத்தலை. அரைத்தலை வித்தியாசத்திலே மகுடம் முந்திவிட்டது.

“சுழி இருக்கே, சுழி!” என்றார் நயினப்பர். இந்தத் தடவை அவர் குரலிலே கொஞ்சம் நடுக்கம்.

“ஆமா, சுழி!”

“ஆமாமா, சுழி!”

வெயிலாச்சி புல்லுக்கட்டுக் கயிற்றை எடுத்தாள். புழுதியின் குளம்படியைத் தொடர்ந்து போய் மணலிலே கயிறு கயிறாய் அளந்தாள். அப்புறம் மகுடத்தின் தடத்தை அளந்தாள். ராசா முன்னால் வந்து நின்றாள்.

“சாமி, கடைசிச் சுத்திலே மட்டும் மகுடத்தைவிட எம் புள்ளை நாப்பத்தேழு கயிறு கூட ஓடியிருக்கு. நாப்பத்தேழு கயிறு கூட ஓடி அரைத்தலை பிந்தினா, அது தோத்ததா, ஜெயிச்சதா?”

ராசா விரலை விட்டு எண்ணினார். பத்து விரலுக்கு மேலே போனதும் குழம்பிப்போய், “எதுக்கும் அந்தச் சுழியை நானே ஒரு தடவை பாத்துடறேன்” என்றார்.

சேணத்தைக் கழற்றினார்கள். முதுகைப் பார்த்தால், சுழியே இல்லை! சித்திரையிலே தாண்டவராயர் தேய்த்த தேய்ப்பில் போன மயிர் முளைக்கவே இல்லை. முதுகு வழுவழுவென்று வாழையிலை மாதிரி இருக்கிறது.

“என்னய்யா நயினப்பரே, சுழியைக் காணோமே?”

நயினப்பர் ஒரு கணம் முழித்தார். ஒரே ஒரு கணம்தான். “ஐயையோ மகராசா! மறைஞ்சுபோச்சா? தெரியுற சுழிக்குப் பரிகாரம் உண்டு. மறைஞ்ச சுழி இருக்கே, அது உள்ளுக்குள்ளே போயிடுச்சு. அதுதான் ரொம்ப ஆபத்து!”

அந்த மனுசனிடம் இல்லாத சுழிக்குக்கூடப் பலன் இருந்தது.

ராசா பெருமூச்சு விட்டார். “ஐப்பசி ஒண்ணுதான் பாக்கி வெயிலாச்சி.”

ஐப்பசி வந்தது. மழை வந்தது. மழை என்றால் சும்மா மழையா? தவளைகளெல்லாம் ‘போதும், நனையுறோம்’ என்று மரத்திலே ஏறின. மூணு நாள் பெய்தது, நாலாம் நாள் காலையிலே விட்டது. அன்றைக்குத்தான் பந்தயம். நயினப்பர் என்ன செய்திருந்தார் தெரியுமா? நட்சத்திரம் சரியில்லை என்று சொல்லி, கொம்பையாவை முந்தின வாரமே வடக்கு எல்லைக் காவலுக்கு அனுப்பிவைத்திருந்தார்.

வெயிலாச்சி விடிந்ததும் புல்லுக்குப் போனாள். கால் பழக்கத்திலே ராசபாதையில் வைத்தாள். சொதக்! கரிசல் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டது. ரெண்டு எட்டு வைத்தால் காலிலே ரெண்டு செருப்பு கனம், பத்து எட்டு வைத்தால் அம்மிக்கல் கனம். தலையிலே கட்டு வேறு. முடியவில்லை. ஒதுங்கி வெளிப்பக்கத்துச் செம்மணலுக்கு வந்தாள். ஆடியிலே மாவாய்க் கிடந்த மணல், மழை குடித்து மெத்தென்று இறுகி, நெல் அடிக்கிற களம் மாதிரி இருந்தது. கால் புதையவில்லை. கட்டோடு ஓடிப் பார்த்தாள். ஓட வந்தது!

வெயிலாச்சி அப்படியே நின்றுவிட்டாள். “அடி ஆத்தீ” என்றாள், தனக்குத்தானே.

கட்டை அங்கேயே போட்டுவிட்டு அரண்மனைக்கு ஓடினாள்.

“சாமி, கொம்பையா இல்லே. நானே ஏறுதேன்.”

சபை கொல்லென்று சிரித்தது. நயினப்பருக்கு வயிறு குலுங்குகிறது. “புல்லுக்காரி பந்தயம் ஓட்டப்போறாளாம்! ஏறு தாயே, தாராளமா ஏறு. ஆளு, பாதை, மண்ணு, எதுவும் ஒண்ணுமில்லே மகராசா. ராசசுழிக் குதிரை மேலே புளிமூட்டையைக் கட்டிவிட்டாலும் அதுதான் ஜெயிக்கும்!”

வெயிலாச்சிக்குக் காது விறைத்தது. “என்ன சொன்னீக?”

“புளிமூட்டைன்னேன்.”

“ஏறுற ஆளு யாராயிருந்தாலும் மகுடம் ஜெயிக்குமா?”

“யாராயிருந்தாலும்!”

“எந்த மண்ணுலயும்?”

“எந்த மண்ணுலயும்!”

“அப்ப நீங்களே ஏறுங்க ஐயா.”

ராசா சிம்மாசனத்திலிருந்து குதித்து எழுந்தார், ரெண்டு கையையும் தட்டினார். “பிரமாதம்! நயினப்பரே, ஏறும்! சுழி இருக்கே, சுழி!”

“ஆமாமா, சுழி!” என்றது சபை, பழக்கத்திலே.

நயினப்பர் வாழ்நாளிலே ஏறின ஒரே வாகனம் மாட்டுவண்டி. அதிலும் படுத்துக்கொண்டு போனவர். இல்லை என்று சொன்னால் சுழி பொய்யாகிவிடும். எச்சிலை விழுங்கிக்கொண்டு, “ஏறுறேன் மகராசா. ஆனா ராசபாதை எனக்கு. இவ வெளியே, கடைசி ஓரத்து மணல்லேதான் ஓடணும்” என்றார்.

வெயிலாச்சி தலையைக் குனிந்துகொண்டாள். வந்த சிரிப்பு தரையிலே விழுந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு, “உங்க இஷ்டம் ஐயா” என்றாள்.

கரை முழுக்கக் கூட்டம். மகுடத்தின் மேலே நயினப்பரை நாலு பேர் தூக்கி வைத்தார்கள், அந்தப் பக்கமாய் விழுந்தார். மறுபடி தூக்கி வைத்தார்கள், இந்தப் பக்கமாய் விழுந்தார். மூணாவது தடவை பிடரி மயிரை ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டார். மற்ற நாலு குதிரைக்காரர்களும் பாதைக்காக அடித்துக்கொண்டு ராசபாதையிலேயே வந்து நின்றார்கள். வெளியே, ஒற்றையாய், புழுதி. அதன் மேலே சேணம்கூட இல்லாமல் சேலையைக் கச்சமாய்க் கட்டிக்கொண்டு வெயிலாச்சி. புல்லுக்கட்டோடு புழுதி மேலே எத்தனையோ நாள் வீட்டுக்கு வந்தவள்தான் அவள். ஆனால் இன்றைக்குப் பிடரியை இறுக்கிப் பிடித்தாள். இன்றைக்குத் தோற்றால் இந்த முதுகு நாளைக்குச் சவுக்குக்கு.

“தாயி,” என்று காதுக்குள்ளே சொன்னாள், “மொதச் சுத்து மெல்ல. நான் சொல்லும்போது மட்டும் ஓடு.”

முரசு!

ஐந்து குதிரையும் ராசபாதையிலே சொதக் சொதக் சொதக்கென்று பாய்ந்தன. குட்டையான வழியல்லவா, முதல் சுற்றிலே அவர்கள்தான் முன்னாலே. புழுதி வெளியே பெரிய வட்டமாய், கடைசியாய் வருகிறது. “போச்சு போச்சு” என்றது ஊர். வெயிலாச்சி அசையவில்லை. புழுதி காதைப் பின்னாலே திருப்பித் திருப்பிக் கேட்கிறது, ‘இப்பவா? இப்பவா?’ “இன்னும் இல்லே தாயி.”

ரெண்டாவது சுற்று. கரிசல் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு குளம்பிலும் ஒரு சட்டி மண். ஒரு குதிரை நின்றுவிட்டது. ஒரு குதிரை படுத்துவிட்டது. ஒரு குதிரை ‘என்னால முடியாது’ என்று தண்ணீருக்குள்ளே இறங்கிக் கால் கழுவப் போய்விட்டது. நாலாவது குதிரைக்காரன் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டிருந்தான். மகுடம் நல்ல குதிரை, பாவம், பொய் சொல்லக்கூடாது, அது மட்டும் விடாமல் இழுத்தது. மேலே நயினப்பர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, “சுழி! சுழி! சுழி!” என்று அலறுகிறார்.

“இப்போ தாயி!” என்றாள் வெயிலாச்சி.

அவ்வளவுதான்! புழுதி மணலைத் தொட்டதா தொடவில்லையா என்று மணலுக்கே சந்தேகம். ரெண்டாவது சுற்று முடிகிற இடத்திலே மகுடத்தைத் தாண்டியது. தாண்டுகிறபோது மகுடம் அதைப் பார்த்து ஒரு துள்ளு துள்ளியது. துள்ளின துள்ளலில் நயினப்பர் பிடரியை விட்டார். ஆகாயத்திலே ஒரு தடவை சுழன்றார், தலைகீழாய் வந்து கரிசலிலே சொருகினார். ரெண்டு கால் மட்டும் வெளியே.

ஊரே ‘ஓ’வென்று கத்தியது. முடிந்தது என்று நினைத்தார்கள். எங்கே முடிந்தது? கனம் இறங்கின மகுடம் உடம்பை ஒரு உதறு உதறி, கரிசலை விட்டு வெளியே ஏறி, மணலைப் பிடித்துவிட்டது! ஆள் இல்லாத குதிரை, பஞ்சு மாதிரி, புழுதியை விரட்டிக்கொண்டு வருகிறது. அதற்குள் நயினப்பரைக் காலைப் பிடித்து இழுத்து நிமிர்த்திவிட்டார்கள். வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“மகராசா! அது ஜெயிச்சாலும் என் ஜெயிப்புதான்! ஆள் ஒண்ணுமில்லேன்னு அடியேன் சொன்னேனே! நீங்களும் ஒத்துக்கிட்டீங்களே!”

ராசா தலையைச் சொறிந்தார். வார்த்தை வார்த்தைதானே?

வெயிலாச்சி திரும்பிப் பார்த்தாள். மகுடம் வாலைப் பிடித்துவிட்டது. வயிற்றைப் பிடித்துவிட்டது. கழுத்தும் கழுத்தும் சமம். முன்னாலே கலுங்கு, கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற வாய். நிறைந்த கண்மாய் அந்தக் கலுங்கு வழியாய்ப் பாதைக்குக் குறுக்கே பொங்கி வழிகிறது. முதல் சுற்றிலே கணுக்கால் ஆழம், ரெண்டாவது சுற்றிலே முழங்கால் ஆழம், இப்போது செக்கச்செவேலென்று ஒரு ஆறே ஓடுகிறது. நட்டநடுவிலே தண்ணீர் கிறுகிறுவென்று ஒரு சுழி சுழிக்கிறது. அதைத் தாண்டி நூறு எட்டிலே எல்லைக்கல்.

நேரே போனால் சுழி. வலது பக்கம் பதினைந்து எட்டுத் தள்ளிப்போனால், வண்ணார் துணி துவைக்கிற பாறை தண்ணீருக்கு அடியிலே நீளமாய்க் கிடக்கும். வெயிலாச்சி வெயிற்காலத்திலே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற பாறை. சுற்றிப்போனால் பதினைந்து எட்டு நட்டம். பதினைந்து எட்டு! மகுடமோ பக்கத்திலே மூச்சு விடுகிறது.

யோசிக்க நேரம் இல்லை. முழங்காலை அமுக்கினாள். “அந்தப் பக்கம் தாயி!”

புழுதி ஒதுங்கியது. மகுடம் ஒதுங்கவில்லை. ஒதுங்கு என்று சொல்ல அதன் முதுகிலே யார் இருக்கிறார்கள்? நேரே பாய்ந்தது, நடு வெள்ளத்துக்குள்ளே போனது, சுழிக்குள்ளே மாட்டியது. ஒரு சுற்றுச் சுற்றியது, ரெண்டு சுற்றுச் சுற்றியது, மூணு சுற்றுச் சுற்றி, ‘இது என்ன, மூணு சுற்று முடிஞ்சுதே’ என்று பார்த்துக்கொண்டு, வந்த கரையிலேயே போய் ஏறிக்கொண்டது.

புழுதி பாறையின் மேலே டக் டக் டக்கென்று நாலே எட்டு வைத்துத் தாவியது. தாவின உயரம் என்ன தெரியுமா? எல்லைக்கல்லைத் தாண்டி வந்து நின்றபோது அதன் பிடரியிலே ஒரு மீன்கொத்தி மாட்டிக்கொண்டு, ‘நான் எப்படி இங்கே வந்தேன்’ என்று முழித்துக்கொண்டிருந்தது.

வெயிலாச்சி இறங்கினாள். புழுதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ஜெயிச்சிட்ட தாயி, இனி எங்கேயும் போக வேண்டாம்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஊரே குலவை போட்டது. ராசா தன் கழுத்து மாலையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார், வழியிலே ரெண்டு தடவை வழுக்கினார்.

“வெயிலாச்சி, ஒண்ணு கேக்கேன். வெளிப்பக்கம் தூரமாச்சே, எப்படித் துணிஞ்சே?”

“சாமி, சித்திரையிலயும் ஆடியிலயும் உள்பக்கம் நல்ல பாதை. ஐப்பசியிலே வெளிப்பக்கம் நல்ல பாதை. உங்க தாத்தா ராசபாதைன்னு பேர் வச்சாகளே, அது மழையே இல்லாத பஞ்ச வருசம். எங்க ஆச்சி சொல்லுவா. பேரு நின்னுபோச்சு, மழை பேஞ்சா மண்ணு மாறுமேன்னு யாரும் குனிஞ்சு பாக்கலே. நான் குனிஞ்சு புல்லறுக்கிறவ, எனக்குத் தெரிஞ்சுது.”

ராசா ரொம்ப நேரம் தலையை ஆட்டினார். அப்புறம் நயினப்பர் பக்கம் திரும்பினார். நயினப்பர் நைசாய்ப் புதருக்குப் பின்னாலே நழுவிக்கொண்டிருந்தார்.

“நில்லும்! ஆளு ஒண்ணுமில்லேன்னீர், பாதை ஒண்ணுமில்லேன்னீர், மண்ணு ஒண்ணுமில்லேன்னீர். உம்ம பேச்சைக் கேட்டு ஒரு நல்ல குதிரையைப் பறிகொடுக்க இருந்தேன். உமக்குத் தெரிஞ்சது என்ன?”

“சு... சுழி பாக்கத் தெரியும் மகராசா.”

“ரொம்ப நல்லது. அந்த வேலையே தரேன். இனி தினமும் விடிஞ்சதும் வெறுங்காலோட கண்மாயைச் சுத்தி வாரும். கலுங்குலே இடுப்பு மட்டும் இறங்கி, சுழி எங்கே இருக்கு, எவ்வளவு ஆழம் இருக்குன்னு பாத்துட்டு வந்து வெயிலாச்சிகிட்டச் சொல்லும். யார் எந்தக் குதிரையிலே ஏறுறது, எந்தப் பக்கம் ஓடுறதுன்னு அவ சொல்லுவா. வரும்போது சும்மா வராதேயும், ஒரு கட்டுப் புல் கொண்டாரும்.”

“சுழி இருக்கே, சுழி!” என்றாள் வெயிலாச்சி.

“ஆமாமா, சுழி!” என்றது சபை. இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

அன்றிலிருந்து முள்ளிக்கோட்டையிலே ஒரு குதிரை தோற்றால், மேலே யார் இருந்தான், எந்த வழியாய் வந்தான், கீழே மண் எப்படி இருந்தது என்று மூணையும் கேட்டுவிட்டுத்தான் குதிரையைத் திட்டுவார்கள். அதற்குள்ளே குதிரை கொள்ளுத் தின்னப் போய்விடும்.

புழுதி வயிறு நிறையத் தின்றது, நயினப்பர் வயிறு எரியப் புல் அறுத்தார். கதையும் மூணு சுற்று ஓடி வந்து சேர்ந்தாச்சு, வேர்த்து நிற்கிறது. யாராவது எழுந்து அதற்குத் தண்ணி காட்டிக் கட்டுங்கள்.